வாசலுக்கு வந்த காடு

காட்டுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று வனத்துறை சோதனைச் சாவடியை ஒட்டிச் சங்கிலி கட்டிய ஒன்பதாம் நாள் காலையில், தாளித்தொட்டியில் கெம்பி வாசல் கூட்ட எழுந்து கதவைத் திறந்தபோது, நெல்லிக்காய்கள் வந்து காத்திருந்தன. யாரோ கொண்டுவந்து கொட்டிய குவியல் இல்லை அது. ஒன்றன் பின் ஒன்றாக, மாடு போகும் தடத்தைப் பிடித்து, ஓடைக்கல்லைச் சுற்றிக்கொண்டு, காட்டின் விளிம்புவரை நீண்ட வரிசை. முன்னே வந்தவை படியோரம் ஒதுங்கி இளைப்பாற, பின்னே வந்தவை இன்னும் உருண்டுகொண்டிருந்தன, மேட்டில் நின்று நின்று, பள்ளத்தில் கொஞ்சம் வேகமாக. கெம்பி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, முதலில் வந்ததை எடுத்துத் தூசி துடைத்தாள்.

"யாரு வந்திருக்கறது?" என்று உள்ளேயிருந்து அவள் புருஷன் ஜடையன் கேட்டான்.

"நெல்லிக்கா."

"யாரு கொண்டாந்தது?"

"அதுவே வந்திருக்குது."

ஜடையன் கட்டிலில் கிடந்தபடி வாசல் பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு, "உள்ள கூப்பிடு. வெயில் ஏறினா வாடிப்போகும்" என்றான்.

மலைமேல் இருந்த அந்த ஊரில் இருபத்திரண்டு சோளகர் வீடுகள். புலிக்கு இடம் வேண்டும், அதனால் காட்டுக்குள் இருக்கும் ஊர்களெல்லாம் கீழே இறங்க வேண்டும், இறங்குகிறவர்களுக்கு வீடும் நிலமும் உண்டு, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று காகிதம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. அதன் பிறகுதான் சங்கிலி வந்தது. அதுவரை தை பிறந்தால் நெல்லியும் கடுக்காயும், மாசியில் துடைப்பம் கட்டச் சீமாற்றுப் புல்லும், சித்திரையில் தேனும், மழை விட்டதும் மரப்பட்டையிலிருந்து கல்பாசியும், வீட்டில் ஒன்றுமில்லாத நாளில் தோண்டி எடுக்க வள்ளிக்கிழங்குமாகக் காட்டைச் சுற்றிச் சுற்றியே அவர்களுடைய வருஷம் போய்க்கொண்டிருந்தது. சங்கிலி விழுந்த அந்த ஒன்பது நாளும் ஜனங்கள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மதியத்துக்குள் மற்ற வீடுகளுக்கும் வரத் தொடங்கிவிட்டது. கெம்பியின் நாத்தனார் ரங்கி வீட்டு அடுப்படியில் மண் தானாக வெடித்து, வள்ளிக்கிழங்குகள் கன்றுக்குட்டி தலை நீட்டுவதுபோல் எட்டிப் பார்த்தன. கிழக்கே கடைசி வீட்டுக்குக் கடுக்காய் வந்தது. கல்பாசி மட்டும் நடக்கவில்லை, காற்றில் வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. சீமாற்றுப் புல் கட்டுக் கட்டாக நிமிர்ந்து நடந்து வந்து, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் கதவோரம் நின்றது. முதல் நாள் எல்லோருக்கும் பயம்தான். எடுத்தால் கேஸ் ஆகுமோ, எடுக்காவிட்டால் பாவம் ஆகுமோ என்று தெரியாமல் நின்றார்கள். ரங்கிதான் முதலில் கிழங்கைக் கழுவி உலையில் போட்டாள். "வந்தவங்களை வாசல்ல நிக்க வெச்சுப் பேசற பழக்கம் நம்ம வீட்டுல இல்ல" என்றாள். அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை.

போகப் போக அதன் முறை பிடிபட்டது. எந்த வீடு எதைப் பறித்ததோ அந்த வீட்டுக்கு அதுதான் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் கீழேயிருந்து வந்து தங்கியிருப்பவர். அவருடைய படிக்கு ஒன்றும் வராததில் அவருக்கு மனவருத்தம் உண்டாகி, ரங்கி தினம் ஒரு கிழங்கு கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. டீக்கடைக்காரன் நான்கு கூடைகளைக் கடை வாசலில் வாயைத் திறந்து வைத்துப் பார்த்தான். கூடைகளைச் சுற்றிக்கொண்டு நெல்லிக்காய்கள் பாட்டுக்குக் கெம்பி வீட்டுக்குப் போயின.

சித்திரை வந்ததும் தேனும் வந்தது. விரல் கனத்துக்கு ஓர் இழையாக, பாறைச் சரிவிலிருந்து இறங்கி, எறும்புகூட ஒதுங்கி வழிவிட, நேராக ஜடையன் படுத்திருந்த கட்டிலின் கால்வரை வந்து நின்றது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாறையில் தேனெடுக்கக் கொடி பிடித்து இறங்கியபோது விழுந்துதான் அவனுடைய இடுப்பும் வலது காலும் போயின. அவன் தேனைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். கெம்பி தினம் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்து அதை வாங்கிக்கொண்டாள்.

இப்படி வீடு தேடி வந்தால் சுகமாகத்தானே இருக்கும் என்று கீழேயிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். சுகமாக இல்லை. முன்பெல்லாம் உடம்புக்கு முடியாத நாளில் காட்டுக்குப் போகாமல் இருந்துவிடலாம், காடு அங்கேயே இருக்கும். இப்போது காய்ச்சலோ வீட்டுக்குத் தூரமோ சாவுவீடோ, விடிந்தால் அவை வாசலில் வந்து நின்றன. பால் கறக்க ஆள் வராத மாடு பார்ப்பதுபோல் பார்த்தபடி நின்றன. உள்ளே எடுக்காவிட்டால் திரும்பிப் போகவும் தெரியாமல் அங்கேயே வாடின. அவை வாடுவதைப் பார்த்துக்கொண்டு யாராலும் கஞ்சி குடிக்க முடியவில்லை. சட்டியும் பானையும் நிறைந்து, கட்டிலுக்கு அடியில் நிறைந்து, கோயில் நிறைந்து, ஜனங்கள் கடுக்காய்மேல் பாய் விரித்துப் படுத்தார்கள். நடக்கிற வேலை இல்லாததால் முழங்கால்கள் இறுகின. பொம்பளைகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதும் குறைந்துபோயிற்று, ஏனென்றால் அவர்கள் பேசியதெல்லாம் காட்டுக்குப் போகும்போதும் வரும்போதும்தான்.

ரேஞ்சர் ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்து பார்த்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "காட்டிலேருந்து எடுத்துட்டு வர்றது குற்றம். ஆனா எடுத்தது யாரு?" என்று வாட்சர் மாதேவனைக் கேட்டார். மாதேவன் தாளித்தொட்டிக்காரன், கெம்பிக்குத் தம்பி முறை, காக்கி போட்டுப் பன்னிரண்டு வருஷம்.

"யாரும் எடுக்கலீங்க சார். நான் சங்கிலிகிட்டதான் நின்னுட்டிருந்தேன். என் கால் சந்துலதான் போச்சு."

"தடுக்கலையா?"

"தடுத்தேன் சார். சுத்திக்கிட்டுப் போயிருச்சு."

ரேஞ்சர் மேலே எழுதினார், மேலே இருந்தவர்கள் அதற்கும் மேலே எழுதினார்கள், கடைசியில் ஒரு பெரிய அதிகாரி அம்மா வந்தார். கெட்டவர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கெம்பியின் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு நெல்லிக்காயைக் கடித்து, தண்ணீர் குடித்து, அது இனிப்பதைக் கண்டு சிரித்தார். ஜடையனுடைய காலைப் பார்த்து வருத்தமாக விசாரித்தார். பிறகு ஊர்க்கூட்டத்தில் மெதுவான குரலில் சொன்னார்: "இத்தனை நாளா நீங்க என்ன சொன்னீங்க? காட்டை விட்டா எங்களுக்கு வாழ வழியில்லைன்னு சொன்னீங்க. இப்ப காடு உங்களைத் தேடி வருது. உங்களுக்காகத்தானே வருது? அப்ப நீங்க எங்க இருந்தாலும் வரும்."

எல்லோரும் களைத்திருந்தார்கள், களைத்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

அன்று சாயங்காலம் கெம்பி நெல்லிக்காயை உப்பில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஜடையன், "ரேகை வெச்சிடலாமா?" என்றான்.

"நீ சொல்லு."

"மாசா மாசம் என்னைத் தொட்டில் கட்டி ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போறாங்க. மல்லாந்து கிடந்து ஒவ்வொருத்தன் மூஞ்சியா பார்த்துக்கிட்டே போறேன். ஒருத்தனும் ஒரு சொல் சொன்னதில்ல. அதுதான் தாங்கல, கெம்பி. கீழ இருந்தா ஆஸ்பத்திரி பக்கம்."

"காடு?"

"அதுதான் வருதே."

கெம்பி உப்புக் கையைக் கழுவினாள். மறுநாள் அவள் அந்தக் காகிதத்தில் ரேகை வைத்தாள். ரங்கி திட்டிக்கொண்டே வைத்தாள். இருபத்திரண்டு வீடும் வைத்தது. ரோடு வரைக்கும் லாரிகள் வந்து, பாத்திரம், கோழி, கதவு நிலை, சாமிக்கல் எல்லாம் ஏற்றி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நாலுவழிச் சாலைக்கு அந்தப்புறம் சமவெளியில் வரிசையாக மஞ்சள் சுண்ணாம்பு அடித்த காலனியில் இறக்கிவிட்டுப் போயின.

ஐந்து நாள் ஒன்றும் வரவில்லை. ஆறாம் நாள் காலையில் கெம்பியின் வாசலில் ஏழெட்டு நெல்லிக்காய்கள் நின்றன. தூசி படிந்து, தோல் கிழிந்து, ஒன்றிரண்டில் தார் ஒட்டியிருந்தது. காலனி முழுக்கச் சந்தோஷம். அதிகாரி அம்மாவுக்குச் செய்தி போயிற்று. இரண்டு நாள் கழித்து ரங்கியின் வீட்டுக்கு ஒரு கிழங்கு வந்தது, பாதி நசுங்கி, மேலே டயரின் பட்டை பதிந்து. சீமாற்றுப் புல் ஒரு கட்டு வந்தது, அதில் நாலு தாள்தான் மிச்சம். தேன் வரவே இல்லை. ஜடையன் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை, ஆனால் தினமும் காலையில் கட்டிலின் கால் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தான்.

பத்தாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் கெம்பி நாலுவழிச் சாலைக்கு நடந்து போனாள்.

சாலையின் அந்தப் பக்கம், வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, அவை நின்றுகொண்டிருந்தன. நெல்லிக்காய், கடுக்காய், கிழங்கு, புல், எல்லாம் கலந்து, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. வண்டி இல்லாத நேரம் பார்த்து ஒரு கூட்டம் இறங்கும். பாதிச் சாலை தாண்டுவதற்குள் லாரி வந்துவிடும். அதன் பிறகு அடுத்த கூட்டம் இறங்கும். தார்மேல் பச்சையாக ஒரு பட்டை, ஈரமாக, வெயிலில் பளபளத்தது. காற்றெல்லாம் நெல்லிக்காயின் துவர்ப்பு வாசனை. நடுவிலிருந்த சிமெண்டுச் சுவர்மேல் ஒரு கிழங்கு ஏறிவிட்டு, இறங்க வழி தெரியாமல் கிடந்தது. மலைச்சரிவு அங்கிருந்து நீலமாக, சின்னதாகத் தெரிந்தது. அங்கிருந்து இங்குவரை, இவள் கேட்காமலே, இவளுக்காக இவ்வளவும் கிளம்பி வந்திருக்கிறது என்று கெம்பி நினைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. காய்ச்சலில் கிடக்கும் வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல் ஒரு பெரிய சலிப்புத்தான் வந்தது.

காலனிக்குத் திரும்பி ரங்கியிடம், "நான் அதுகளைத் திருப்பிக் கொண்டுபோய் விடப்போறேன்" என்றாள்.

ரங்கி முறத்தைக் கீழே வைத்தாள். "உனக்கு வேண்டாம்னா விடு. என் வாசலுக்கு வர்றதைத் திருப்ப நீ யாரு, அண்ணி? கொடுத்த நிலத்துல முள்ளுகூட முளைக்காது. வர்ற அரைக் கிழங்கையும் விட்டா நான் என் பிள்ளைகளுக்கு எதைப் போடறது?"

"ஒரு தடவை வந்து ரோட்டைப் பாரு."

"பார்க்க மாட்டேன்."

ஆனால் அன்று அவள் வேகவைத்த கிழங்கில் டீசல் வாடை அடித்தது. பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டுத் துப்பின. ரங்கி தானும் ஒரு வாய் தின்றாள், மெல்ல முயன்றாள், முடியாமல் வெளியே போய்க் குழி தோண்டி அதைப் புதைத்தாள். மறுநாள் காலையில் கெம்பி புறப்படும்போது தெருமுனையில் வந்து நின்று, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "எங்க வீட்டுதுக்கும் சேர்த்துச் சொல்லிரு" என்றாள். ஒரு வாரத்துக்கு ஜடையனுக்குக் கஞ்சி கொண்டுவந்து தருவதாகவும் சொன்னாள்.

கெம்பி சாலையில் இறங்கி, முந்தானையை உதறிப் பிடித்துக் கையை உயர்த்தி நின்றாள். லாரி ஒன்று அலறிக்கொண்டு வந்து நின்றது, அதன் பின்னால் பஸ்சும் காரும் நின்றன. டிரைவர் தலையை நீட்டித் திட்ட வாயெடுத்தவன், சாலையைக் கடக்கிறவற்றைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தான். கெம்பி சுவர்மேல் கிடந்த கிழங்கை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவற்றை அந்தப் பக்கம் கூட்டிப் போய், எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று, மாட்டை ஓட்டுகிற குரலில், "ஹோ, வாங்க. வீட்டுக்குப் போலாம்" என்று மலையைப் பார்த்து நடந்தாள்.

மூன்று நாள் நடந்தாள். நெல்லிக்காய்கள் அவள் கால் வேகத்துக்கு உருண்டன, அவள் உட்கார்ந்தால் அவையும் நின்றன. கடுக்காய்கள் கொஞ்சம் பின்தங்கின. புல் கட்டுகள் ஓரமாக நடந்து மற்றவற்றுக்கு நிழல் கொடுத்தன. ஒரு கரும்பு லாரிக்காரர் தண்ணீர் கொடுத்தார். ஓர் ஊரில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு எல்லைவரை வந்தன. இன்னோர் ஊரில் போலீஸ்காரர் ஒருவர் பைக்கை நிறுத்தி, "ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கியிருக்கியாம்மா?" என்றார்.

"ஊர்வலம் இல்லீங்க. வழி தெரியாம வந்திருச்சுங்க. கொண்டுபோய் விடறேன்."

அவர் வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இடது பக்கமா போ" என்றார்.

இரண்டாம் நாள் கெம்பியின் செருப்பு அறுந்தது. மூன்றாம் நாள் ஏற்றம். பாதத்தில் வெடிப்பு விழுந்து ரத்தம் கசிந்தது. திரும்பிப் பார்க்காமலே பின்னால் அவை வருகிற சத்தம் கேட்டது, தூரத்தில் மழை இலைமேல் விழுகிற சத்தம்போல். தாகம் எடுத்தபோதும் அவள் ஒரு நெல்லிக்காயையும் வாயில் போடவில்லை.

சங்கிலியருகே மாதேவன் நின்றிருந்தான். வரிசையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"என்னக்கா இது?"

"உள்ள விடணும். விடுவியா?"

"வெளிய கொண்டு போனாத்தான் கேஸ். உள்ள கொண்டு வர்றதுக்குச் சட்டம் ஒண்ணும் இல்ல" என்று அவன் சங்கிலியை அவிழ்த்துக் கீழே விட்டான்.

ஆனால் அவை போகவில்லை. சங்கிலி கிடந்த கோட்டுக்கு முன்னால் வந்து, கெம்பியின் காலைச் சுற்றிக் குவிந்து நின்றன. அவள் "போங்க" என்றாள். அதட்டினாள். குச்சியை ஓங்கினாள். முன்வரிசை கொஞ்சம் பின்வாங்கி, மறுபடியும் அவள் பாதத்தை வந்து தொட்டது. மூன்று நாள் நடந்த களைப்பு அப்போதுதான் மொத்தமாக அவள்மேல் இறங்கியது. மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத பாருங்க," என்றாள், வீட்டு ஆட்களிடம் பேசுகிற குரலில். "நான் வரல. வரக் கூடாதுன்னு மட்டும் இல்ல. அவருக்குக் கால் இல்ல. எனக்கும் ஏற முடியல. ரேகை வெச்சது நான்தான், யாரும் என் கையைப் பிடிச்சு அழுத்தல. நீங்க வருவீங்கன்னு நினைச்சுட்டேன். வழியில ரோடு இருக்கறது தெரியாம நினைச்சுட்டேன். அது என் தப்பு. இனி வராதீங்க. எங்க யார் வீட்டுக்கும் வராதீங்க. ரங்கியும் சொல்லச் சொன்னா. கரடி தின்னட்டும், மான் தின்னட்டும், விழுந்து முளைங்க. எங்களுக்காகன்னு யாரும் கிளம்ப வேண்டாம்."

நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு கடுக்காய் மெதுவாக உருண்டு, கோட்டைத் தாண்டி உள்ளே போயிற்று. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு கிழங்குகளும் புல் கட்டுகளும். கடைசியாக நெல்லிக்காய்கள், கூட்டமாக இல்லாமல், ஒவ்வொன்றாக. எல்லாம் போய் முடிய மாலையாகிவிட்டது.

இடுப்பில் இருந்த கிழங்கு மட்டும் இறங்க மறுத்தது. கெம்பி மாதேவனைப் பார்த்தாள். அவன் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, ரோட்டில் எதையோ தேடுவதுபோல் பார்த்தான். அவள் கோட்டைத் தாண்டி உள்ளே போய், கொடி படர்ந்த ஓரிடத்தில் கையால் மண்ணைத் தோண்டி, கிழங்கின் தலைப்பாகம் மேலே இருக்கும்படி நட்டு, மண்ணைத் தள்ளி, சருகு போட்டு மூடி, உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மாதேவன் சங்கிலியைத் திரும்ப மாட்டினான்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் காலனி வந்து சேர்ந்தாள். ஜடையன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்து, ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போய், அடுப்பில் தண்ணீர் சுடவைத்து, வாளியை நகர்த்தி நகர்த்திக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அவள் காலை வெந்நீரில் விட்டுக் கண்ணை மூடினாள்.

"போயிருச்சா?" என்றான்.

"போயிருச்சு."

"எல்லாமே?"

"எல்லாமே."

அவன் குனிந்து அவள் பாதத்தின் வெடிப்பிலிருந்த மண்ணை விரலால் கழுவினான். கழுவிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், "என்னை ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றான்.

அவை எதையும் கேட்டதில்லை. வந்த நாளிலிருந்து போன நாள்வரை ஒரு சொல் பேசியதில்லை.

"கேட்டுச்சு" என்றாள் கெம்பி.

"நீ என்ன சொன்ன?"

"கால் சரியாகட்டும், வருவாருன்னு சொன்னேன்."

ஜடையன் தலையை ஆட்டினான். "சரியாத்தான் சொல்லியிருக்கற" என்று சொல்லிவிட்டு, அவளுடைய அடுத்த பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.